மழை கொட்டும் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வராதா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

கேரளக் கடற்கரை மாவட்டங்களில் வீடோ மனையோ வாங்கிக் குடியேறும் எண்ணத்துடன் தமிழ்நாட்டிலிருந்து சென்று ஊர் பார்த்துவரும் குடும்பங்களிடையே ஒரே கேள்வி திரும்பத் திரும்ப ஒலிக்கிறது: “மழை கொட்டும் ஊரில் தண்ணீருக்கு என்ன பஞ்சம்?” மனைத் தரகர் இதைச் சொல்கிறார், உறவினர் வழிமொழிகிறார், டிசம்பர் விடுமுறையில் சென்று பசுமையான தோப்பையும் நீர் ததும்பும் கிணற்றையும் கண்டு திரும்பியவர், தாமே நேரில் பார்த்ததாகச் சாட்சியும் கூறுகிறார். கோடைதோறும் லாரித் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசையில் காத்திருக்கும் செய்திகள் அதே மாவட்டங்களிலிருந்து வந்துகொண்டிருக்கும்போது, இந்தக் கூற்றைச் சரிபார்க்காமல் பரப்புவது பொறுப்பற்ற செயலாகும். ஏனெனில் இதை நம்பி முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் வாழ்நாள் சேமிப்பை ஒரே மனையில் போடும் ஓய்வூதியர்கள்.

நம்பிக்கை 1: மழை மிகுந்த இடத்தில் ஆண்டு முழுவதும் தண்ணீர் இருக்கும்

இந்நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் எண்கள் பொய்யானவை அல்ல. கேரளத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 3,000 மி.மீ.; தமிழ்நாட்டின் சராசரி 920 மி.மீ. அளவிலேயே நிற்கிறது. ஆயினும் மழை என்பது வரவு. கிணற்றிலும் ஆற்றிலும் நிற்பது இருப்பு. வரவை மட்டும் பார்த்து இருப்பைக் கணிப்பவர் வீட்டுக் கணக்கிலேயே தவறிவிடுவார் எனும்போது, நீர்க் கணக்கில் அவர் தவறுவதில் வியப்பில்லை. ஆண்டு மழையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் வரும் துலாவர்ஷம், அதாவது மலையாள நாட்காட்டியின் துலாம் மாதத்தை ஒட்டிப் பெய்யும் வடகிழக்குப் பருவமழை, அதில் ஒரு சிறு பங்கையே தருகிறது. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை வானம் பெரும்பாலும் கையை விரித்துவிடுகிறது.

பெய்ததைப் பிடித்துவைக்க அந்நிலத்தின் அமைப்பும் உதவுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக்கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் இந்த நிலத்தில் 44 ஆறுகள் உள்ளன என்றும், அவற்றுள் 41 மேற்கு நோக்கி ஓடுகின்றன என்றும் பெருமையாகக் கூறப்படுகிறது. அவற்றுள் நீளமான பெரியாறே 244 கி.மீ.தான் என்பதும், பெரும்பாலானவை 100 கி.மீ.கூட எட்டாத சிற்றாறுகள் என்பதும் அந்தப் பெருமைப் பேச்சில் இடம்பெறுவதில்லை. உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் குறுகிய ஆறு, மலையில் பெய்த மழையை ஓரிரு நாட்களில் கடலில் சேர்த்துவிடுகிறது. மாறாக, மூன்றில் ஒரு பங்கு மழையே பெறும் தமிழ்நாட்டில், பெய்ததைத் தேக்கிவைப்பதற்காகவே 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் தலைமுறை தலைமுறையாக வெட்டப்பட்டன. நீர் இருப்பைத் தீர்மானிப்பது மழையின் அளவு மட்டுமன்று, அதைப் பிடித்துவைக்கும் ஏற்பாடும்தான் என்பதற்கு இவ்விரு நிலங்களே சான்று.

அடுத்த காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. கேரளத்தின் இடைநாட்டிலும் கடற்கரையை ஒட்டிய மேட்டு நிலங்களிலும் பரவலாகக் காணப்படுவது செம்புரைக்கல், அதாவது வெப்பமும் மழையும் மிகுந்த நிலங்களில் பாறை சிதைந்து, கரையக்கூடிய பொருள்கள் கழுவப்பட்டு, இரும்பும் அலுமினியமும் எஞ்சி உருவாகும் செந்நிறக் கல். இந்தக் கல்லின் உடலெங்கும் துளைகளும் குழல்களும் ஊடுருவிக் கிடப்பதால் மழைநீர் விரைவாக உள்ளே இறங்குகிறது. ஆனால் கல்லுக்கு அடியிலுள்ள களிமண் அடுக்கு அதைத் தடுப்பதால், நீர் அந்த அடுக்கின்மீது பக்கவாட்டில் நகர்ந்து பள்ளத்தாக்கை அடைந்து ஓடையாக வெளியேறிவிடுகிறது. ஆகவே செம்புரைக்கல் நிலத்துக் கிணறு ஜூலையில் விரைந்து நிரம்புவதும், மழை நின்றபின் அதே விரைவில் இறங்குவதும் இயல்பே.

இந்த ஏற்றஇறக்கத்தை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கிணற்றின் உட்சுவரே அதைப் பதிந்துவைத்திருக்கிறது. ஆகஸ்டில் நீர் நின்ற மட்டம்வரை கல்லில் பாசி அப்பியிருக்கும். அதற்குக் கீழே, நீர் படிப்படியாக இறங்கிய ஒவ்வொரு நிலையிலும் ஒரு துருநிறக் கோடு படிந்திருக்கும். ஏப்ரல் இறுதியில் எட்டிப் பார்த்தால், பழைய கிணறுகளில் நீரைத் தெளிவாக்கும் என்று கருதி அடியில் பதித்த நெல்லிப் பலகை வெளியே தெரிவதும் உண்டு. மோட்டாரின் உறிஞ்சுகுழாயில் பழைய துண்டோடு புதிய துண்டு ஒட்டப்பட்டிருந்தால், அந்த வீட்டார் எந்தக் கோடையிலோ நீரைத் துரத்திக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறார்கள் என்று பொருள். டிசம்பரில் வந்து, கயிறு நனையும் தூரத்தில் நீரைக் கண்டு மகிழ்ந்து, முன்பணம் கொடுத்துத் திரும்பும் விருந்தினர் இவற்றில் எதையும் பார்ப்பதில்லை. “இந்தக் கிணறு வற்றியதே இல்லை” என்று விற்பவர் கூறும்போது, “எந்த மாதத்தில் பார்த்துச் சொல்கிறீர்கள்?” என்று கேட்கும் துணிவும் பலருக்கு இருப்பதில்லை.

அண்மை வரலாறும் இதையே உறுதிசெய்கிறது. 2016-இல் தென்மேற்குப் பருவமழை 34 விழுக்காடு குறைந்தபோது, அவ்வாண்டு அக்டோபர் இறுதியிலேயே கேரளத்தின் 14 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில், 2018 ஆகஸ்ட் 1 முதல் 19 வரை, இயல்பாகப் பெய்யவேண்டிய ஏறத்தாழ 288 மி.மீ.க்குப் பதிலாக 759 மி.மீ. மழை கொட்டிப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அத்தனை நீரும் நிலத்தடியில் சேர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். வெள்ளம் வடிந்த சில வாரங்களிலேயே பல ஆறுகளிலும் கிணறுகளிலும் நீர்மட்டம் சட்டெனத் தாழ்ந்து மக்களைத் திகைக்கவைத்தது. வடக்கே, ஆண்டுக்கு 3,500 மி.மீ.க்கும் மேல் மழை பெறும் மங்களூரிலும் நிலைமை வேறன்று: நேத்ராவதி ஆற்றின் தும்பே அணையில் நீர் குறைந்ததால் 2019, 2023 ஆகிய ஆண்டுகளின் கோடையில் அந்நகரில் குடிநீர் முறைவைத்தே வழங்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் மழையளவை மட்டும் காட்டிப் பேசுவோரை அறியாதவர்கள் என்று மன்னிப்பது கடினம்.

கடற்கரை மணற்பகுதியில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே நன்னீர், அடர்த்தி மிகுந்த உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய வில்லையாக மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது கைபன்-ஹெர்ஸ்பெர்க் விதி எனப்படும் நீரியல் கணக்கு. இதன் மறுபக்கம் அச்சம் தருவது: மோட்டார் போட்டு இறைத்து மேல்மட்டத்தை ஒரு மீட்டர் தாழ்த்தினால், கணக்கின்படி கீழிருந்து உப்புநீர் 40 மீட்டர் மேலேறி வரவேண்டும். நடைமுறையில் இது மெதுவாகவும் இடத்துக்கு இடம் மாறியும் நிகழ்ந்தாலும், ஒருமுறை உப்பேறிய கிணறு எளிதில் மீள்வதில்லை. கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த நிலமான குட்டநாட்டில் நாற்புறமும் நீர் சூழ்ந்திருந்தும், குடிக்கத் தகுந்த நீருக்கு மக்கள் தவிக்கின்றனர். வேம்பநாட்டுக் காயலில் கடல்நீர் ஏறி வயல்களை அழிக்காதிருக்கத் தண்ணீர்முக்கத்தில் தனியே ஒரு தடுப்பணையே கட்டவேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியும் நீரெல்லாம் குடிநீர் என்று எண்ணுவது, அந்த நிலத்தை ஒருமுறைகூட ஊன்றிப் பார்க்காதவரின் பேச்சு.

நம்பிக்கை 2: மழைக்காலத்தில் இரவும் பகலும் விடாமல் பெய்யும்

பருவமழை அலை அலையாக வருவது. நாட்கணக்கில் கொட்டியபின், பருவ இடைவேளை எனப்படும் வெயில் நாட்களும் உண்டு. துலாவர்ஷமோ பெரும்பாலும் பிற்பகலில் இடியுடன் தொடங்கி இரவில் ஓய்ந்துவிடும். அஞ்ச வேண்டியது மழையை அன்று, ஈரத்தை; துணியும் தோல்பொருளும் பூஞ்சணம் பிடிப்பதையும், கடற்காற்றில் பூட்டும் ஜன்னல் கம்பியும் துருப்பிடிப்பதையும் எதிர்பார்த்தே வீட்டை அமைக்கவேண்டும்.

நம்பிக்கை 3: மழை ஊர் குளிர்ந்த ஊர்

மார்ச் முதல் மே வரை வெப்பமானி காட்டும் எண் சென்னையைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் காற்றிலுள்ள ஈரப்பதம் வியர்வையை உலரவிடுவதில்லை என்பதால் உடல் உணரும் வெப்பம் குறைவதில்லை. 2024 ஏப்ரலில் பாலக்காட்டுக்கு மட்டுமன்றி, கடலோர மாவட்டங்களான திருச்சூருக்கும் கொல்லத்துக்கும் வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டதை நினைவிற்கொள்வது நன்று.

நம்பிக்கை 4: கிணற்று நீர் தூய நீர்

தெளிவு வேறு, தூய்மை வேறு. செம்புரைக்கல் நிலத்து நீரில் அமிலத்தன்மையும் இரும்பும் மிகுதியாக இருக்கக்கூடும். நெருக்கமாக வீடுகள் அமைந்த இடத்தில் கழிவறைக் குழியின் கசிவும் கிணற்றில் கலக்கும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 7.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது கேரளக் கட்டட விதி; சொந்த மனையில் மட்டுமன்றி, அடுத்த மனையின் குழி எங்கே இருக்கிறது என்பதையும் அளந்து பார்க்கவேண்டும். ஆழ்துளைக் கிணறு போட்டுத் தப்பித்துவிடலாம் என்ற யோசனையும் எங்கும் பொருந்தாது. ஆலப்புழையின் ஆழ்நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி.

செய்யவேண்டியவை

குடியேற விரும்புவோர் அந்த ஊரை இருமுறை பார்க்கவேண்டும்: ஒருமுறை ஜூலையில், கூரை ஒழுகுகிறதா, தெருவில் நீர் தேங்குகிறதா என்று அறிவதற்கு, மறுமுறை ஏப்ரல் இறுதியில், கிணற்றில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று கயிறு விட்டு அளப்பதற்கு. இரண்டில் ஒன்றுக்கே வசதியுண்டு என்றால் ஏப்ரல் பயணமே தேவையானது. அப்போது தரகரை விட்டுவிட்டு அண்டை வீட்டாரிடம், லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, நீரில் உப்புச்சுவை தட்டுகிறதா என்று விசாரிப்பது உண்மையை வெளிக்கொணரும்.

பார்ப்பதோடு பணி முடிந்துவிடவில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்குப்படி, கேரளக் கடற்கரைப் பகுதியில் சதுரக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 200 திறந்த கிணறுகள் உள்ளன. இத்தனை நெருக்கமான கிணறுகள் நாட்டில் வேறெங்கும் அரிது. ஒவ்வொரு புதிய குடும்பமும் அதே நீர்ப்படுகையில் இன்னொரு மோட்டாரை இறக்குகிறது. அதற்கு ஈடாக அது திருப்பித் தரக்கூடியது கூரை நீர்தான். 100 சதுர மீட்டர் கூரையில் 3,000 மி.மீ. மழை பெய்தால் விழுவது 3 லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 2,40,000 லிட்டர் மிஞ்சும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வீதம் நால்வர் குடும்பத்துக்குக் கோடையின் 120 நாட்களுக்குத் தேவைப்படுவது 64,800 லிட்டர் மட்டுமே. கூரை விளிம்பில் தகரத் தாரை, அதிலிருந்து ஒரு குழாய், மணலும் சரளையும் கரியும் நிரப்பிய ஒரு வடிகட்டித் தொட்டி, அதன் வாய் கிணற்றுக்குள் என்ற எளிய அமைப்பை, 2008 முதல் திருச்சூர் மாவட்டத்தில் ‘மழைப்பொலிமா’ என்ற திட்டம் வீடு வீடாகக் கொண்டுசென்றிருக்கிறது.

செம்புரைக்கல் நிலத்தில் ஒரு வீட்டார் இறக்கிய நீர் பக்கவாட்டில் நகர்ந்து அண்டை வீட்டுக் கிணற்றுக்கும் போகும் என்பதால், தனி வீட்டு முயற்சியைவிடத் தெருவே சேர்ந்து செய்வதில்தான் பலன் மிகுதி. அதே காரணத்தால், மழைநீரைத் தேக்கி மெல்ல மண்ணுக்குள் இறக்கிய வயல்களைத் தூர்த்து மனையாக்கியதன் தீங்கும் ஊர் முழுவதற்கும் பரவுகிறது. 1970-களின் நடுவில் எட்டு லட்சம் ஹெக்டேரைத் தாண்டியிருந்த கேரளத்தின் நெல் பரப்பு, இன்று ஏறத்தாழ இரண்டு லட்சமாகச் சுருங்கியிருக்கிறது. தூர்ப்பதைத் தடுக்க 2008-இல் சட்டம் வந்தபிறகும் வயல் மனைகள் விலைபேசப்படுகின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று வயலைத் தூர்த்த மனையை வாங்குபவர், மழையில் மூழ்கும் வீட்டையும் கோடையில் வற்றும் கிணற்றையும் ஒரே பத்திரத்தில் பதிவுசெய்துகொள்கிறார். அத்தகைய மனையை வாங்காதிருப்பதும், குடிபுகும் முன்பே கூரை நீரைக் கிணற்றுக்குத் திருப்புவதும் அந்த மண்ணில் வாழவருவோர் ஒவ்வொருவரின் கடமை.