வாய் சொல்கிறது, கண் படிக்கிறதா?



சென்ற கல்வியாண்டில் உதவித்தொகை மனு கொடுக்க ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் உம்மாவுடன் நம் அலுவலகத்துக்கு வந்தான். படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ஊர்ப் பெயரை எழுதியிருந்தான். கவனக்குறைவு என்று நினைத்து, அந்த வரியைப் படிக்கச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான். எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வரவில்லை. கடைசி ஜுஸ்வு முழுவதும் மனப்பாடமாக ஓதுகிற பிள்ளை அவன். மகனுக்குப் படிக்க வராது என்பது அந்தத் தாய்க்கு என் மேஜை முன்னால்தான் தெரிந்தது.

நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை பெயில் போடுவதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டிலும் பள்ளியிலும் யாரும் உட்கார்ந்து கேட்காவிட்டால், பிள்ளை இப்படியே ஒன்பதாம் வகுப்பு வரை போய்விட முடியும்.

இதை மனதில் வைத்து, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரை மாலை வகுப்புப் பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்தோம். பெயர் போட வேண்டாம் என்றார். தான் சாதித்ததைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. தவறவிட்டதைத்தான் பேசினார்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். வரிக்கு வரி விரல் வைத்துக் கணீரென்று படிப்பானாம். ஒருநாள் பக்கத்தைத் திருப்ப மறந்துவிட்டு அடுத்த பக்கத்தையும் அதே வேகத்தில் ‘படித்து’ முடித்தான். வகுப்பே சிரித்தது. “எனக்குச் சிரிப்பு வரலைங்க. இதுவரை இப்படி எத்தனை பேரை நல்லா படிக்கிறான்னு எழுதி அனுப்பினேனோன்னு பயந்துட்டேன்” என்றார். கூட்டமாகச் சொல்ல வைத்தால் வகுப்பு முழுவதற்கும் தெரிந்த மாதிரி இருக்கும். தனித்தனியாக, அதுவும் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைக் கொடுத்துக் கேட்டால்தான் உண்மை தெரியும். அதன் பிறகு அவர் தினமும் ஐந்து பிள்ளைகளிடமாவது அப்படிக் கேட்காமல் வீட்டுக்குப் போனதில்லையாம்.

நானும் மதரஸாவில் கூட்டமாக ஓதி வளர்ந்தவன்தான். ஓதுவது நாவுக்கும் காதுக்குமான பயிற்சி; அதற்கு உரிய மரியாதை அதற்கு உண்டு. அதையே தமிழ்ப் படிப்பு என்று நாம் எடுத்துக்கொள்வதில்தான் தவறு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஏழு வயதோ அதற்கு மேலோ உள்ளவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் முடிந்தால்தான் எழுத்தறிவு உள்ளவர். நம் பாட்டிமார்களில் அரபுத் தமிழ் நூல்களைச் சரளமாகப் படித்தும், எழுதத் தெரியாததால் இந்தக் கணக்கில் சேராமல் போனவர்கள் உண்டு.

பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதற்கு டீச்சர் கரும்பலகையில் ‘கொ’ என்று எழுதிக் காட்டினார். கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் ‘க’. கண் முதலில் பார்ப்பது கொம்பை. வாய் முதலில் சொல்ல வேண்டியது ‘க்’ ஒலியை. வலமிருந்து இடமாக அரபு ஓதிவிட்டு மாலையில் தமிழ்ப் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் தேவைப்படலாம். நாமோ மக்கு என்று சொல்லிவிடுகிறோம்.

செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் தமிழகம் முழுவதும் சுமார் 37,000 பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளை உயரத்துக்குத் தாழ்வான கரும்பலகை, அவரவர் வேகத்துக்கு அட்டைகள், ஆசிரியரும் தரையில். “முதல் வருஷம் எனக்குப் பிடிக்கவே இல்லை, சத்தமா இருந்துச்சு. கீழே உக்காந்த பிறகுதான் பிள்ளைங்க நோட்டுல என்ன எழுதுதுன்னு பார்த்தேன்” என்றார். இப்போது நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-23இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். பள்ளிக்குப் போனால் மார்க்கைக் கேட்பதற்கு முன், உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

வேளாங்கண்ணித் திருவிழா நாட்களில், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சரியாகப் பள்ளிக்கு வர மாட்டார்கள். முன்பெல்லாம் டீச்சர் கோபப்படுவாராம். பிறகு கடைத்தெருவில் தன் மாணவனே ஐந்நூறு ரூபாய்க்குப் பாக்கி கணக்கிட்டுக் கொடுத்ததைப் பார்த்தார். வகுப்பில் கழித்தல் கணக்கு வராத பையன் அவன்! பிரேசிலின் ரெசிஃபே நகரில் சந்தையில் விற்கும் பிள்ளைகளை ஆராய்ந்து 1985இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. விற்கும்போது நூற்றுக்கு 98 சரி. அதே மாதிரிக் கணக்கைக் காகிதத்தில் வெறும் எண்ணாகக் கொடுத்தால் 37. அதன் பிறகு டீச்சர் கழித்தலைக் கடை பில்லில் தொடங்கினார். வாசிப்பைப் பேருந்துப் பலகையில். நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். கடினமான எழுத்துகள்தான், ஆனால் பிள்ளைக்குத் தெரிந்த ஊர்கள்.

பிரம்பைப் பற்றியும் சொன்னார். ஆரம்ப வருடங்களில் தானும் அடித்ததாக ஒப்புக்கொண்டார். அடிக்குப் பயந்த பிள்ளை உயரமான பையனுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், வாயை மட்டும் அசைக்கும். எது தெரியவில்லை என்பது ஆசிரியருக்கே தெரியாமல் போய்விடும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்திருக்கிறது. மதரஸாவுக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சட்டம் எப்படி இருந்தாலும், நம் மாலை வகுப்பில் இருந்த பிரம்பை அன்றே எடுத்துவிட்டோம். இதில் சிலருக்கு என் மேல் வருத்தம் இருப்பது தெரியும்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் கூசிப்போவான் என்று, இஷாவுக்குப் பிறகு அலுவலகத்திலேயே தனியாக உட்கார வைத்தோம். பேருந்துப் பலகையில் ஆரம்பித்து, கரண்ட் பில், ரேஷன் கார்டு, பிறகு செய்தித்தாள் தலைப்பு. ஏழு மாதம் ஆயிற்று. இந்த வருட மனுவைப் போன வாரம் தானே நிரப்பிக் கொடுத்தான். தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘மீன் ஏளம்’ என்று இருந்தது. அவனையே இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். பேனாவை வாங்கி, அடித்துவிட்டு, ‘ஏலம்’ என்று எழுதினான்.

மாலை வகுப்பு வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் மஃரிபுக்குப் பிறகு அலுவலக மாடியில் நடக்கிறது. பெற்றோரும் ஒரு நாளாவது வந்து, பிள்ளை படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம்.