காலேஜ் பிடிக்கலையா? அக்கா சொல்றதைக் கேளு

பல்கலைக்கழகம் பெரியது என்பதற்காக உன் குறை சின்னதாகிவிடாது, தங்கச்சி. முதலில் இதை மனதில் போட்டுக்கொள். கருங்குழியிலிருந்து செங்கல்பட்டு அரசுக் கல்லூரிக்கோ, எழுபது எண்பது கிலோமீட்டர் தாண்டி சேப்பாக்கத்துக்கோ கிண்டிக்கோ போய் வருகிற பிள்ளைகள் என்னிடம் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: "சேர்ற வரைக்கும் ஆசையா இருந்துச்சுக்கா. இப்ப ஒண்ணுமே பிடிக்கல." வீட்டில் சொன்னால், "கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறோம், உனக்குக் கொழுப்பு" என்பார்கள். கொழுப்பு இல்லை. பிடிக்காமல் போவதற்கு நிஜமான காரணங்கள் இருக்கின்றன.

சென்னைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள். 1857-ல் கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பிறந்தது. நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் அதன் கீழேதான் வருகின்றன. அங்கே 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு நெடுநாள் அந்த நாற்காலி காலி. 2024 பிப்ரவரியில் வரி பாக்கி என்று வருமான வரித் துறை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. கல்லூரிகளின் நிலையும் லேசுப்பட்டதல்ல. அரசு கலைக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர்களை எடுக்கப்போவதாக 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவித்தது. அப்படியானால் அத்தனை வகுப்பறைகளை அதுவரை தாங்கியது யார்? குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யும் கௌரவ விரிவுரையாளர்கள்தான். "சார் வரல, கிளாஸ் இல்ல" என்று நீ மரத்தடியில் உட்கார்ந்திருந்த நாட்களுக்கு நீ பொறுப்பில்லை.

ஆனால் "ஒண்ணுமே பிடிக்கல" என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரிடமும் போய் எதையும் கேட்க முடியாது. கட்டோடு தூக்க முடியாத விறகைப் பிரித்துத்தானே எடுக்கிறோம். ஒரு நோட்டில் எழுது. மார்க் குறைவு, பாடம் புரியவில்லை, வகுப்பு நடக்கவில்லை, சர்டிபிகேட் வரவில்லை, ரயிலில் உயிர் போகிறது, பேச ஒரு ஆள் இல்லை. எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இதை யாரிடம் கேட்க வேண்டும் என்று குறித்துக்கொள். சிலதுக்குத் துறைத் தலைவர், சிலதுக்குத் தேர்வுப் பிரிவு, சிலதுக்கு ரயில்வே கவுன்ட்டர், சிலதுக்கு அம்மா.

அலுவலகத்தில்தான் நம் பிள்ளைகள் அதிகம் நொறுங்கிப் போகிறார்கள். "அந்த செக்‌ஷன் போ", "நாளைக்கு வா", "சாப்பாட்டு நேரம்" என்று ஒரு கையெழுத்துக்கு அலைய விடுவார்கள். கூட்டத்துக்கு நடுவே கவுன்ட்டரில் ஒருவர் கத்தினால், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்குக் கண் கலங்கிவிடும். எனக்குத் தெரிந்த பிள்ளைகள் சிலர் அதோடு அந்தப் பக்கமே போகாமல் சர்டிபிகேட்டை வருஷக்கணக்கில் விட்டுவிட்டார்கள். நீ அப்படிச் செய்யாதே. வாயால் கேட்பதை நிறுத்து, எழுதிக் கொடு. தேதி, பதிவு எண், என்ன வேண்டும், எப்போது பணம் கட்டினாய் என்று ஒரு பக்கத்துக்குள் எழுது. இரண்டு பிரதி எடுத்துக்கொள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் முத்திரையும் தேதியும் வாங்கு. முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வை. தனியாகப் போகாதே, வகுப்பிலிருந்து ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போ. ஒரே குறை ஐந்து பேருக்கு இருந்தால் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்ட மனுவாகக் கொடுங்கள். அதை ஒதுக்கிவைப்பது அவ்வளவு சுலபமில்லை.

அதற்கும் அசையவில்லையா? பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் மாணவர் குறைதீர்ப்புக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. அதன்படி கல்லூரிகளில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் அது தன் பரிந்துரையைச் சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்பட்ஸ்பர்சனிடம், மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டுக்கும் 15 நாள்தான் கெடு, தள்ளிப்போடாதே. உன் கல்லூரியில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார். கேள்வி கேட்டாலே பல இடங்களில் கோப்பு நகர ஆரம்பிக்கும்.

மார்க் விஷயத்துக்கு வருவோம். நன்றாக எழுதியும் அரியர் விழுந்தால், உடனே ரீவேலுக்குப் பணம் கட்டாதே. முதலில் விடைத்தாள் நகலை வாங்கிப் பார். பாடம் நடத்திய ஆசிரியரிடம் காட்டி, மார்க் கூட வாய்ப்பு உண்டா என்று கேட்டுவிட்டு அடுத்த அடி எடுத்து வை. திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விடைத்தாளைக் குறிப்பிட்ட காலம்தான் வைத்திருப்பார்கள்; ரிசல்ட் வந்த வாரமே வேலையைத் தொடங்கு. "ஐயாயிரம் கொடு, பாஸ் போட்டுத் தர்றேன்" என்று யாராவது வந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதே. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மார்க் போட்டதாக 2018 ஆகஸ்டில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்தது நினைவிருக்கட்டும். அந்த மாதிரி இடத்தில் உன் பெயர் வரக் கூடாது.

"ஆல் பாஸ் போட்டுடுவாங்க" என்ற பேச்சையும் நம்பாதே. கொரோனா காலத்தில், 2020-ல், அரசு அரியர் தேர்வுகளை ரத்து செய்தது. 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்தவர்கள் திணறிப் போனார்கள்.

பாடம் புரியவில்லை என்பதில் பாதி, இங்கிலீஷ்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, திடீரென்று எல்லாம் இங்கிலீஷில் வந்தால் யாருக்கும் தலை சுற்றும். அறிவு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஆங்கில வழிப் படிப்பானாலும் மாணவர்களைத் தாய்மொழியில் தேர்வெழுத விட வேண்டும் என்று மானியக் குழுவே 2023-ல் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உன் பாடத்துக்கு அந்த அனுமதி உண்டா என்று துறையில் கேள். இல்லையென்றால் ஒரு யூனிட்டைத் தமிழில் உனக்குப் புரிகிற மாதிரி எழுதி வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் தேர்வுக்கான இங்கிலீஷ் வாக்கியங்களை எழுது. நூலகத்தில் பழைய வினாத்தாள்கள் இருக்கும். நாலைந்து வருஷத்துத் தாள்களை வைத்துப் பார்த்தால் எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று உனக்கே தெரியும். வகுப்பு நடக்காத பாடத்துக்கு என்.பி.டி.இ.எல். வீடியோக்களைத் தேடிப் பார், காசு கிடையாது.

பயணம். இதை யாரும் படிப்புப் பிரச்சினையாகவே கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். விடியலில் கிளம்பி இருட்டில் வீடு திரும்புகிற பிள்ளைக்குப் படிக்க நேரம் எங்கே இருக்கிறது? பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே ரயிலில் இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசம் என்பது நம் ஊரில் பல பேருக்குத் தெரியாது. கல்லூரியில் சான்று வாங்கி செங்கல்பட்டு ஸ்டேஷனில் விசாரி. தம்பி, உனக்குப் பாதிக் கட்டணம்; பட்டியல் இனத்து மாணவர்களுக்கு இன்னும் குறைவு. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். வரவில்லையென்றால் கல்லூரியில் அதற்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார், அவரைப் பிடி. ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் படி, கிடைக்காவிட்டால் தூங்கு. நின்றுகொண்டே போனைத் தேய்ப்பதால் கண் எரிச்சல்தான் மிச்சம். முடிகிற வாரத்தில் ஒரு சனிக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ப் பார். உன் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் அங்கே இடம் உண்டு.

தனிமை பற்றியும் சொல்ல வேண்டும். அறுபது பேர் வகுப்பில் உன் பெயர் தெரிந்த ஆசிரியர் ஒருவர்கூட இல்லையென்றால், முதல் மாதத்திலேயே ஒரு ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து, வகுப்பு முடிந்ததும் போய் ஒரு சந்தேகம் கேள். கௌரவ விரிவுரையாளர் என்று யாரையும் குறைவாக எண்ணாதே; மிகப் பொறுமையாகச் சொல்லித்தருகிறவர்கள் பலர் அவர்களில்தான் இருக்கிறார்கள். எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கம் இல்லை, உயிரோடு இருப்பதே பாரம் என்று தோன்றினால் நோட்டு, மனு எல்லாவற்றையும் மூடி வை. அன்றைக்கே 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய், இரவானாலும் தமிழில் பேசுவார்கள். கட்டணம் இல்லை. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லு. அரியரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் செய்து பார்த்தும் இந்தப் படிப்பே வேண்டாம் என்று நீ முடிவெடுக்கலாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் கோபத்தில் டி.சி. வாங்காதே. மாறப்போகும் இடத்தில் சீட் உறுதியான பிறகு வாங்கு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ தொலைநிலைக் கல்வியிலோ தொடர முடியுமா, முடித்த செமஸ்டர்களைக் கணக்கில் எடுப்பார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள். "மீதி ஃபீஸ் கட்டினால்தான் ஒரிஜினல் தருவோம்" என்று யாராவது சொன்னால் பயப்படாதே. மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018-லேயே சொல்லியிருக்கிறது. அந்த அறிவிப்பைப் பிரின்ட் எடுத்து, உன் மனுவோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடு.