லிங்க் அனுப்பும் முன்: பரிந்துரைக் காசு யாருடைய காசு?



"அண்ணே, ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் விளம்பரம் பார்த்தா போதும், காசு வரும். என் லிங்க்ல சேர்ந்தா உங்களுக்கும் போனஸ், எனக்கும் போனஸ்." இந்த மாதிரிச் செய்தி வராத புலனக் குழுவைப் பினாங்கில் தேடித்தான் பிடிக்க வேண்டும். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குப் பெயர் சேர்க்கத் தொடங்கிய குழுவில்கூட, பூசம் முடிந்த மறுவாரம் ஒரு லிங்க் வந்து விழும். அனுப்புகிறவர் கெட்டவரும் இல்லை. பெரும்பாலும் நம்மோடு சேர்ந்து பந்தலில் மோர் ஊற்றியவர்தான்.

"இது உண்மையா, ஏமாற்றா?" என்று வகுப்பில் கேட்கிறார்கள். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது, ஏன்னா பரிந்துரைத் திட்டங்களில் நேர்மையானவையும் உண்டு. ஆனால் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பிரித்துவிடலாம். எனக்கு வரும் இந்தக் காசு யார் பையிலிருந்து வருது?

விளம்பரக் காசு வரும் வழி

இணைய விளம்பர நெட்வொர்க் ஒரு தரகர் மாதிரி. ஒரு பக்கம் விளம்பரம் கொடுக்கும் வியாபாரி, மறுபக்கம் வலைத்தளமோ செயலியோ நடத்துகிறவர். லிட்டில் இந்தியாவில் சேலைக்கடை வைத்திருக்கும் ஒருவர் தீபாவளிக்கு இணையத்தில் விளம்பரம் கொடுக்கிறார் என்று வையுங்கள். அவர் கட்டும் பணத்தில் நெட்வொர்க் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியைத் தளக்காரருக்குக் கொடுக்கும். கூகுளின் ஆட்சென்ஸில் தளக்காரருக்குச் சேருவது ஏறத்தாழ 68 விழுக்காடு. 2018-ல் ஆட்சென்ஸ் தமிழையும் ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்கும் இந்த வழி திறந்தது.

ஆட்சென்ஸே 2005-ல் ஒரு பரிந்துரைத் திட்டம் தொடங்கியது. உங்கள் மூலம் சேர்ந்தவர் தன் தளத்தில் முதல் 100 டாலரைச் சம்பாதித்தால் உங்களுக்கும் 100 டாலர். 2008-ல் அதை மூடிவிட்டார்கள். மூடிய கதையை விடுங்க, அது அமைந்திருந்த விதத்தைப் பாருங்க. சேருகிறவர் ஒரு காசும் கட்டவில்லை. அவருக்கு விளம்பரதாரரிடமிருந்து பணம் வந்த பிறகுதான் உங்களுக்கு வந்தது. இன்றும் சில நெட்வொர்க்குகள், நீங்கள் சேர்த்துவிட்டவர் சம்பாதிப்பதில் 5 விழுக்காடு போல ஒரு தொகையைத் தங்கள் பங்கிலிருந்து தருகின்றன. ஷோப்பி, லசாடா லிங்க் போடுவதும் இதே இனம்தான். பொருள் விற்றால் விற்றவர் கமிஷன் தருகிறார். "இது கமிஷன் லிங்க்" என்று பார்க்கிறவருக்குச் சொல்லிவிட்டுப் போட்டால் அதில் ஒரு குறையும் இல்லை. உழைச்சு சம்பாதிங்க.

இரண்டு மணி நேரத்துக்கு எவ்வளவு?

இப்போது அந்தப் புலனச் செய்திக்கு வருவோம். பொறியியல் மாணவன் கையில் கொடுத்தால் எதையும் கணக்காகத்தான் பார்ப்பான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வியாபாரி ஆயிரம் தடவை தன் விளம்பரம் காட்டப்பட 10 வெள்ளி கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு ஒரு சென். அரை நிமிட விளம்பரமாக இரண்டு மணி நேரம் பார்த்தால் 240 விளம்பரம். மொத்தம் 2 வெள்ளி 40 சென். அதில் 68 விழுக்காடு உங்களுக்கே வந்தால்கூட 1 வெள்ளி 63 சென். ஒரு தே தாரிக்குக்கூடக் கட்டாது. என் அனுமானம் தப்பு, வியாபாரி பத்து மடங்கு கொடுக்கிறார் என்றாலும் 16 வெள்ளி சொச்சம்தான்.

ஆனால் எந்த வியாபாரி பத்து மடங்கு கொடுப்பார்? சேலை வாங்கும் எண்ணமே இல்லாமல், காசுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு விளம்பரம் காட்டி அவருக்கு என்ன லாபம்? அதனால்தான் காசு கொடுத்து ஆட்களை விளம்பரத்தைக் கிளிக் செய்ய வைப்பதை ஆட்சென்ஸ் விதிகள் தடை செய்கின்றன. ஆக, ஒரு செயலி நாளுக்கு 50 வெள்ளி, 100 வெள்ளி தருகிறது என்றால், அந்தப் பணம் விளம்பரத்திலிருந்து வந்திருக்க முடியாது. வேறெங்கிருந்தோ வருது.

எங்கிருந்து? 2016-ல் டிராஃபிக் மான்சூன் என்ற நிறுவனத்தின் மேல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் தொடுத்த வழக்கைப் பாருங்கள். 50 டாலருக்கு ஒரு 'விளம்பரப் பொட்டலம்' வாங்கினால் 55 டாலர் வரை திரும்பி வரும், தினமும் சில விளம்பரங்களைக் கிளிக் செய்தால் போதும், நீங்கள் சேர்த்தவர் வாங்குவதில் 10 விழுக்காடு உங்களுக்கு. உலகம் முழுக்க ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அந்த நிறுவனத்தின் வருமானத்தில் 99 விழுக்காட்டுக்கு மேல் உறுப்பினர்கள் வாங்கிய பொட்டலங்களிலிருந்தே வந்தது என்று ஆணையம் சொன்னது. வெளியிலிருந்து விளம்பரதாரர் என்று வந்தவர் கிட்டத்தட்ட யாருமே இல்லை.

மறு ஆண்டு இந்தியாவில், நொய்டாவில், 'சோஷியல் டிரேட்'. 5,750 ரூபாயிலிருந்து 57,500 ரூபாய் வரை கட்டிச் சேர வேண்டும், ஒரு கிளிக்குக்கு 5 ரூபாய். 2017 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசப் போலீசார் நடத்துநர்களைக் கைது செய்தபோது சொன்ன தொகை ஏறத்தாழ 3,700 கோடி ரூபாய்.

நமக்கு மொழியால் இன்னும் நெருக்கமானது கோயம்புத்தூரின் 'மைவி3 ஆட்ஸ்'. கைப்பேசியில் விளம்பரம் பார்த்தால் வருமானம், ஆள் சேர்த்தால் கூடுதல் வருமானம். உறுப்பினராகச் சில நூறு ரூபாயும் கட்டலாம், ஒரு இலட்சத்துக்கு மேலும் கட்டலாம். கட்டியதற்கு மூலிகைப் பொருட்கள் கொடுத்தார்கள். 2024 ஜனவரியில் போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். அந்த மாத இறுதியில் நீலாம்பூரில் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் கூடினார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்த கூட்டம் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. "எங்களுக்குப் பணம் ஒழுங்காக வருகிறது, நிறுவனத்தைத் தொந்தரவு செய்யாதீர்கள்" என்று சொல்ல வந்தார்கள். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் படிக்க வேண்டியது அந்தக் கூட்டத்தை. "எனக்குக் காசு வந்துச்சு" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது காசு எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் ஆகாது. புதிதாகச் சேருகிறவர் கட்டும் பணத்தில் பழையவருக்குக் கொடுக்கும் எந்தத் திட்டத்திலும், ஆட்கள் வந்துகொண்டிருக்கும்வரை எல்லாருக்கும் ஒழுங்காகத்தான் வரும்.

ஆட்கள் எதுவரை வருவார்கள்? ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்கிறார், அந்த ஐவரும் ஆளுக்கு ஐந்து பேரை. இப்படியே போனால் ஒன்பதாவது படியில் மட்டும் 19 இலட்சத்து 53 ஆயிரத்து 125 பேர் தேவை. மலேசிய இந்தியர்கள் மொத்தமே ஏறத்தாழ 20 இலட்சம். பத்தாவது படிக்கு யாரைக் கூப்பிடப் போறீங்க?

நம்ம ஊர்

பினாங்குக்கு இது புதுசு இல்லை. 2017-ல் ஒரே ஆண்டில் இரண்டு பெரிய சரிவுகளை இந்த ஊர் பார்த்தது. 'சாதாரண மக்களைக் காப்போம்' என்ற பொருளில் பெயர் வைத்துக்கொண்ட ஜே.ஜே.பி.டி.ஆர். மாதம் 20 விழுக்காடு தருவதாகச் சொல்லிவிட்டு, அந்த ஏப்ரலில் கணக்கை யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று கையை விரித்தது. அடுத்து, எம்ஃபேஸ் என்ற சமூக வலைத்தளத்தை வைத்து வளர்ந்த எம்.பி.ஐ. குழுமத்தின் வங்கிக் கணக்குகளை ஜூனில் அதிகாரிகள் முடக்கினார்கள். அதன் நிறுவனர் 2022-ல் தாய்லாந்தில் கைதாகி, 2024-ல் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டார். ஜாலான் டத்தோ கிராமாட்டில் பேரங்காடியே வைத்திருந்த குழுமம் அது. கட்டடம் பெரிசா இருக்கு என்பதும் பதில் ஆகாது.

நம் அம்மாக்கள் பிடிக்கும் கூட்டை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர், மாதம் நூறு வெள்ளி, மாதம் ஒருவருக்கு ஆயிரம். யார் பணம் யாருக்குப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். பணம் வளரும் என்று யாரும் சொல்வதில்லை, சுற்றி வரும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட கூட்டையே 1971-ல் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள், ஏனெனில் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியவர்கள் இருந்தார்கள். அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம் 'கூட்டு' என்ற சொல் இருக்கிறது. பெருமைப்படும்படியான இடம் இல்லைதான். கூட்டு நடந்ததும் உடைந்ததும் ஒரே காரணத்தால். தெரிந்தவர் கேட்டால் நாம் கொடுத்துவிடுவோம்.

பரிந்துரை லிங்க்கும் இதில்தான் பிழைக்கிறது. முன்பின் தெரியாத நிறுவனம் கேட்டால் உங்கள் அத்தை 50 வெள்ளிகூடத் தரமாட்டார். "என் தம்பி மகன் யுனிவர்சிட்டியில படிக்கிறான், அவனே சொல்றான்" என்பதால்தான் 3,000 வெள்ளி கட்டுகிறார். நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது உங்கள் மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கை. உங்களுக்குக் கிடைக்கும் போனஸ் அதற்கான விலை. பணம் போன பிறகு நிறுவனத்தின் முகத்தை அத்தை பார்க்க வேண்டியதில்லை. உங்கள் முகத்தைத்தான் ஒவ்வொரு கல்யாணத்திலும் கோவில் திருவிழாவிலும் பார்க்க வேண்டும்.

தோற்பவர் காசு

இன்னொரு வகை லிங்க் இதைவிட மோசம். இணையச் சூதாட்டத் தளங்களின் பரிந்துரைத் திட்டம். சிலது ஆளுக்கு இவ்வளவு என்று கொடுக்கும். சிலது 'வருமானப் பங்கு' என்று கொடுக்கும். சூதாட்டத் தளத்துக்கு வருமானம் என்றால் என்ன? ஆடுகிறவர் தோற்ற பணம். அப்போ உங்கள் லிங்க்கில் சேர்ந்த நண்பன் எவ்வளவு தோற்கிறானோ அவ்வளவு உங்களுக்கு நல்லது. அவன் ஜெயித்தால் உங்களுக்கு நஷ்டம். நண்பன் தோற்கணும்னு இரவில் வேண்டிக்கொண்டு, காலையில் கோவிலில் அவன் பக்கத்தில் நின்று எப்படிக் கும்பிடுவது? திருக்குறளில் சூதுக்கென்று ஒரு தனி அதிகாரமே உண்டு, 94-ஆவது. வகுப்பில் அதை எடுக்கும்போது ஆடுகிறவனைப் பற்றி மட்டும் பேசிவிட்டு விடாதீர்கள். ஆட அழைத்துப் போகிறவனைப் பற்றியும் பேசுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை, பிரமிட் திட்டத் தடுப்புச் சட்டப்படி, பிரமிட் திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, அதை ஊக்குவித்துப் பரப்புவதும் குற்றம். சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. "நான் லிங்க்தான் அனுப்பினேன்" என்பது அங்கே பெரிதாக உதவாது. எஸ்.எஸ்.எம். பதிவு இருக்கு என்று காட்டுவார்கள். அது கம்பெனி பதிவு. மக்களிடம் பணம் திரட்டக் கொடுத்த உரிமம் இல்லை. பேங்க் நெகாராவும் பங்குச் சந்தை ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல்கள் வெளியிடுகின்றன. பெயரைப் போட்டுத் தேட இரண்டு நிமிடம் போதும். பட்டியலில் இல்லை என்பதற்காக நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இன்னும் மாட்டாமலும் இருக்கலாம். மோசடியில் பணத்தை அப்போதுதான் அனுப்பியிருந்தால், உடனே உங்கள் வங்கியை அல்லது 997-ஐ அழையுங்கள். மணிக்கணக்கு முக்கியம்.

வகுப்பில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர் ஒருவராவது இருப்பார். அவரைக் கேலி செய்தால் அடுத்த முறை வாயைத் திறக்கமாட்டார், புதிதாக யாரைச் சேர்த்திருக்கிறார் என்பதும் நமக்குத் தெரியாமல் போகும். பக்கத்தில் உட்கார வைத்து, மேலே உள்ள கணக்கை அவர் செயலியின் எண்களைப் போட்டு அவரையே செய்யச் சொல்லுங்கள்.

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை. உங்களுக்கு வந்த ஒரு லிங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள், அழுத்த வேண்டாம். சேர எவ்வளவு கட்டணும், அந்தப் பணம் யாருக்குப் போகுது, புதுசா யாருமே சேராவிட்டால் அடுத்த மாதம் உங்களுக்கு எங்கிருந்து வரும்? இந்த மூன்றுக்கும் ஒரு தாளில் பதில் எழுதி எடுத்து வாருங்கள். மூன்றாவதை எழுத முடியாதவர்கள் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுக் கொண்டுவரலாம்.