பள்ளம் தேடும் வாயு

பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் நீண்ட நாள் பாழ்பட்டுக் கிடந்த கிணற்றில் தூர் வார வேண்டுமானால், பெரியவர்கள் முதலில் கயிற்றில் ஒரு விளக்கைக் கட்டி உள்ளே இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் ஆளை இறக்க மாட்டார்கள். கிணற்றடியில் கரியமில வாயு தேங்கி, ஆக்சிஜன் குறைந்திருக்கலாம் என்பதே காரணம். ஆனால் ஓர் எச்சரிக்கை: காற்றில் பத்தில் ஒரு பங்கு கரியமில வாயு இருந்தாலே மனிதன் சில நிமிடங்களில் மயங்கிவிடுவான். விளக்கோ அப்போதும் எரிந்துகொண்டிருக்கக்கூடும்!

இவ்வாயு ஏன் அடியில் தங்குகிறது? கரியமில வாயுவின் மூலக்கூறு எடை 44. காற்றின் சராசரி 29. ஆகவே அது காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமானது.

செய்து பாருங்கள்: அகன்ற பாத்திரம் ஒன்றில் குட்டையும் நெட்டையுமாக இரு மெழுகுவர்த்திகளை ஏற்றி வையுங்கள். அடியில் சமையல் சோடாவைத் தூவி, ஓரமாக எலுமிச்சைச் சாற்றை விடுங்கள். எது முதலில் அணைகிறது? (பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.)

இனி, கிணற்றிலிருந்து குழாய்க்கு வருவோம். தருமபுரி உள்ளிட்ட ஏழு மாவட்டங்களின் வழியே எரிவாயுக் குழாய் பதிக்கும் திட்டம் 2013-இல் பெரும் விவாதமாயிற்று. அக்குழாய்க்கு உரிய இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன்; அதன் மூலக்கூறு எடை 16. கசிந்தால் மேலே எழும்; தீப்பற்றும் என்பதே அச்சம். கரியமில வாயுவோ எரியாது. ஆனால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தை நாடும். நிறமும் இல்லை, எச்சரிக்கும் நாற்றமும் இல்லை.

அமெரிக்காவில் எண்ணெய்க் கிணறுகளில் செலுத்துவதற்காக இவ்வாயுவைக் குழாய்களில் அனுப்புகிறார்கள். வளிமண்டல அழுத்தத்தைப்போல் 73 மடங்குக்கு மேல் அழுத்தினால் அது திரவம்போல் அடர்ந்துவிடும். 2020 பிப்ரவரி 22 அன்று, மிசிசிப்பி மாநிலத்தின் சட்டார்ஷியா என்னும் சிற்றூருக்கு அருகே, மழையில் ஊறிய மண் சரிந்து 24 அங்குலக் குழாய் ஒன்று உடைந்தது. சீறி வெளிவந்த வாயு விரிந்து குளிர்ந்து, வெண்பனி மூட்டமாக ஊரை நோக்கி நகர்ந்தது. ஆக்சிஜன் இன்றி வண்டிகளின் எஞ்சின்களும் நின்றன. சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டனர். 45 பேர் மருத்துவ உதவி நாடினர். நல்வேளையாக உயிரிழப்பு இல்லை.

அந்நாட்டு மத்திய அரசின் குழாய்ப் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்தது. வாயு பரவக்கூடிய எல்லையைக் கணக்கிட்ட நிறுவனம் அந்த ஊரைக் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பது தெரிந்தது. விதிகளிலும் குறை இருந்தது. அவை அடர்நிலையில் செல்லும் கரியமில வாயுவுக்கு மட்டுமே பொருந்தின. சாதாரண வாயு நிலையில் செல்வதற்குப் பொருந்தவில்லை. புதிய வரைவு விதிகள் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டன. ஆட்சி மாறியதும் அம்மாதமே திரும்பப் பெறப்பட்டன.

நமக்கு இதில் என்ன அக்கறை? புவி வெப்பமாவதைத் தடுக்க, ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் முயற்சிகள் வளர்கின்றன. தூத்துக்குடியில் ஓர் ஆலை அப்படிப் பிரித்து, சோடா உப்பு செய்யப் பயன்படுத்தியது. பிரித்த வாயுவைத் தொலைவுக்கு அனுப்பக் குழாய் வேண்டும். குழாய்க்கு விதி வேண்டும். எரியும் வாயுவுக்கு எழுதிய விதி எரியாத வாயுவுக்குப் போதாது. வாயுவின் குணத்தை அறிந்தே விதி எழுத வேண்டும் அன்றோ?

சிந்திக்க:
1. உங்கள் ஊரில் கனமான வாயு கசிந்தால் எங்கெங்கே தேங்கும்? மேடுபள்ளங்களை வரைந்து காட்டுக.
2. அப்போது மக்கள் எத்திசையில் செல்ல வேண்டும்?
3. சமையல் எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பது ஏன்? கரியமில வாயுவிலும் சேர்க்கலாமா?