நாகசாகியின் கப்பல் தளம்

நாற்புறமும் கடல் சூழ்ந்த நாடு ஜப்பான். ஆயினும் 200 ஆண்டுகளுக்கு மேலாக அயலாருக்குக் கதவடைத்திருந்ததால், பெருங்கப்பல் கட்டும் கலை அங்கே வளரவில்லை. 1857-ஆம் ஆண்டில் டச்சுக்காரர்களின் துணையோடு நாகசாகித் துறைமுகத்தில் ஓர் இரும்புப் பட்டறை தொடங்கப்பெற்றது. 1884-இல் அதைக் குத்தகைக்கு எடுத்த மிட்சுபிஷி நிறுவனம் 1887-இல் விலைக்கே வாங்கிற்று.

1898-இல் அங்கு வார்ப்பு மாதிரிகள் செய்யும் கூடம் எழுந்தது. இயந்திர உறுப்பை முதலில் மரத்தில் செய்வர். அதை மணலில் பதித்து எடுத்து, அந்தக் குழிவில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவர். ஆறும்போது உலோகம் சுருங்குமல்லவா? ஆகவே தச்சர் மாதிரியைச் சற்றே பெரிதாகச் செதுக்குவார். நாம் விஞ்ஞான வகுப்பில் படிக்கும் பாடம் அவருடைய உளி நுனியில் இருந்தது! 1909-இல் 150 டன் தூக்கும் மின்சாரப் பாரந்தூக்கியும் நிறுவப்பட்டது.

இதே கைத்திறன்தான் 'முசாஷி' என்னும் போர்க்கப்பலையும் கட்டியது. பிறர் காணாதவாறு கயிற்றுத் திரைகளால் மறைத்து, 1940-இல் அதை நீரில் இறக்கினர். 1944-இல் அது ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டு மூழ்கியது. மறு ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் நாகசாகியின் மீதே அணுகுண்டு விழுந்தது. உராகாமி தேவாலயம் இடிந்தது. பாரந்தூக்கியும் மாதிரிக் கூடமும் தப்பி நின்றன. 2015-இல் அவை உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின.

போருக்குப் பின் அதே தளத்தில் சரக்குக் கப்பல்கள் பல உருவாயின. கை கற்ற வித்தை ஒன்றே; அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதை மனமே முடிவு செய்கிறது. தோழியரே, கையைப் பழக்கும்போதே மனத்தையும் பழக்குவோம்.