கொய்யாவும் நெல்லியும்: கைக்கெட்டும் வைட்டமின் சி



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில், குறிப்பாகக் கர்ப்பிணிகளின் மருத்துவச் சீட்டுகளில், 'இரத்த சோகை' என்ற சொல்லை அடிக்கடி பார்க்கிறோம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்த சோகை இருப்பதாகத் தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) கூறுகிறது. மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். அதோடு நம் அடுப்படியில் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு.

இறைச்சியில் உள்ள இரும்புச்சத்து உடலில் எளிதாகச் சேரும். ஆனால் தினமும் யார் வீட்டிலும் கறி ஆக்குவதில்லை. கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்புச்சத்து சிறிதளவே உடலில் சேரும். அதே வேளை உணவோடு வைட்டமின் சி இருந்தால், அது சேரும் அளவு கூடுகிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீரோ இதைத் தடுக்கிறது. முருங்கைக்கீரை ஆக்கிவிட்டு உடனே தேநீர் குடித்தால் கீரையின் பலனில் பெரும்பகுதி வீணாகும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

எதில் எவ்வளவு?

ஆண்களுக்கு நாளொன்றுக்கு 80 மில்லி கிராம், பெண்களுக்கு 65 மில்லி கிராம் வைட்டமின் சி தேவை என்று நம் நாட்டின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதைவிடக் கூடுதலாகத் தேவை. நூறு கிராம் ஆரஞ்சில் ஏறத்தாழ 50 மில்லி கிராம்தான் உண்டு. அதே அளவு கொய்யாவில் சுமார் 200 மில்லி கிராம் உள்ளது. பெரிய நெல்லிக்காயில் அதைவிடவும் அதிகம். நோயாளியைப் பார்க்கப் போகும்போது விலை கொடுத்து ஆரஞ்சும் பழரசப் பாட்டிலும் வாங்குகிறோம். தள்ளுவண்டியில் மலிவாகக் கிடைக்கும் கொய்யா அவற்றைவிட மேலானது.

உடல் இந்தச் சத்தை அதிகம் சேமித்து வைப்பதில்லை. ஆகவே ஒரே நாளில் நான்கு பழம் சாப்பிடுவதைவிட, தினமும் பாதிப் பழம் சாப்பாட்டோடு சாப்பிடுவதே நல்லது.

பருவத்துக்கு ஏற்றவை

மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் கொய்யாவும் நெல்லியும் தாராளமாக வரும். கோடையில் மாம்பழம் உண்டு. கடலூர், பண்ருட்டிப் பக்கம் வீணாகக் கீழே கிடக்கும் முந்திரிப் பழத்தில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. பப்பாளி ஆண்டு முழுவதும் கிடைக்கும்.

சமைக்கும்போது

வைட்டமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். எனவே காய், கீரையை முழுதாகக் கழுவிவிட்டுப் பிறகு நறுக்குங்கள். நறுக்கியதை நீரில் ஊற வைக்காதீர்கள். நெடுநேரம் வேக விடாதீர்கள். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழியுங்கள். நெல்லிக்காயைத் துவையலாகப் பச்சையாக அரைத்துச் சோற்றோடு சாப்பிடலாம்.

ரமலானில் நோன்புக் கஞ்சியோடு சாயம் கலந்த சர்பத்துக்குப் பதிலாக நறுக்கிய கொய்யாவோ பப்பாளியோ வைக்கலாம். தேநீரை தராவீஹ் தொழுகைக்குப் பின் வைத்துக் கொள்ளலாம்.

சிறுநீரகக் கல் உள்ளவர்கள் வைட்டமின் சி மாத்திரைகளைத் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். தலசீமியா போன்ற இரத்தக் குறைபாடு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே நடக்க வேண்டும்.

ஹலாலானதையும் நல்லதையும் உண்ணும்படி திருக்குர்ஆன் (2:168) நமக்குக் கற்பிக்கிறது. ஹலாலா என்று பார்த்து வாங்குகிறோம், அல்ஹம்துலில்லாஹ். உடலுக்கு நல்லதா என்றும் பார்த்து வாங்குவோம். வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட உட்காரும் தாயின் தட்டிலும் ஒரு துண்டு கொய்யா இருக்கட்டும்.

அல்லாஹ் நம் குடும்பங்கள் அனைத்துக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.