மீன் தொட்டி பார்க்கிறது எப்படி?



போன மாதம் ஒரு அம்மா நம்ம காரியாலயத்துக்கு வந்தாங்க. அவங்க மகன் கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கடையில் வேலை செய்கிறான். கடை முன்னுக்கு ஒரு மீன் தொட்டி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டின நேரம், தம்பி நல்ல மனசோடு தொட்டியை முழுசாகக் காலி பண்ணி, கல்லையெல்லாம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, பைப் தண்ணியை நிரப்பி வைத்திருக்கிறான். மறுநாள் காலையில் பதினொரு மீனும் செத்து மிதந்திருக்கிறது. மீனின் விலையை முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "ஐயா, அவன் சுத்தம்தானே செஞ்சான்? சுத்தம் செஞ்சா மீன் ஏன் சாகணும்?"

நம்ம பிள்ளைகள் எத்தனையோ பேர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில், வீடுகளில் வேலை செய்கிறார்கள். லீவுக்கு வரும்போது பொலித்தீன் பையில் மீன் கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் இந்த மாதப் பாடம் மீன் தொட்டி.

பைப் தண்ணியில் என்ன இருக்கிறது?

மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. அந்தக் கங்கைத் தண்ணியை அம்பத்தலையில் சுத்திகரித்துக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். நம்ம மலையில் ஓடுகிற தண்ணிதான் அங்கே பைப்பில் வருகிறது என்று சொல்லலாம். ஆனால் ஒரு வித்தியாசம். கிருமி சாக அதில் குளோரின் சேர்க்கிறார்கள். மனுசருக்கு அது பாதுகாப்பு. மீனுக்கு அது செவுளை எரிக்கும்.

வழி லேசானது. பைப் தண்ணியை வாய் அகலமான வாளியில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். குளோரின் காற்றோடு போய்விடும். அவசரம் என்றால் மீன் கடையில் குளோரின் எடுக்கிற மருந்து சின்னப் போத்தலில் கிடைக்கும். போத்தலில் எழுதியிருக்கிற அளவுக்கு மேல் ஊற்றக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத தொழிலாளிகள்

மீன் சாப்பிடுகிறது, கழிக்கிறது. அந்தக் கழிவிலிருந்தும் மிச்சச் சாப்பாட்டிலிருந்தும் அமோனியா என்ற நஞ்சு வருகிறது. கல்லிலும் பில்டர் பஞ்சிலும் ஒரு வகை நல்ல பற்றீரியா குடியிருக்கிறது. அது அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை பற்றீரியா அதை நைத்திரேற்று ஆக்கும். இது அவ்வளவு கெடுதல் இல்லை. தண்ணி மாற்றும்போது வெளியே போய்விடும்.

இந்தப் பற்றீரியா பெருகி வர நாலு முதல் ஆறு கிழமை வரை எடுக்கும். தம்பி சவர்க்காரம் போட்டுக் கல்லைத் தேய்த்தபோது இதையெல்லாம் கொன்றுவிட்டான். சவர்க்காரமும் கல்லில் ஒட்டியிருந்திருக்கும். மேலே குளோரின் தண்ணி. மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் மீன் எப்படித் தாங்கும்? அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். பையன் சோம்பேறி இல்லை. ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

புதுத் தொட்டி வாங்கினாலும் இதே கதைதான். முதல் நாளே இருபது மீன் விடாதீர்கள். இரண்டு மூன்று மீனோடு தொடங்கி, ஒரு மாதம் பொறுத்து மெல்ல மெல்லச் சேருங்கள்.

கிழமைக்கு ஒரு முறை செய்ய வேண்டியது

இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள தொட்டி ஏறக்குறைய 55 லீற்றர் பிடிக்கும். தண்ணி மட்டும் 55 கிலோ. ஆடுகிற மேசையில் வைக்க வேண்டாம். வெயில் நேராகப் படுகிற ஜன்னலோரமும் வேண்டாம், பாசி பிடிக்கும்.

1. முதலில் சுவிட்சை நிறுத்துங்கள். ஈரக் கையோடு பிளக்கைத் தொடக் கூடாது.
2. ரியூப் போட்டு அடியில் இருக்கிற அழுக்கோடு சேர்த்துக் கால்வாசித் தண்ணியை எடுங்கள். மேலே சொன்ன தொட்டிக்கு ஒரு வாளி, 12 லீற்றர் அளவு. வாயால் உறிஞ்ச வேண்டாம். ரியூப்பில் முதலே தண்ணி நிரப்பி, விரலால் அடைத்துப் பிடித்தால் தானாக இறங்கும்.
3. பில்டர் பஞ்சை, எடுத்த அந்தத் தொட்டித் தண்ணியிலேயே அலசுங்கள். பைப்புக்குக் கீழே பிடிக்காதீர்கள். சவர்க்காரம் கூடவே கூடாது.
4. கண்ணாடியைச் சுத்தமான துணியால் துடையுங்கள்.
5. ஒரு நாள் வைத்த தண்ணியை மெதுவாக ஊற்றுங்கள்.

காற்று மோட்டரைத் தண்ணி மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். கீழே வைத்தால் கரண்ட் போன நேரம் தண்ணி ரியூப் வழியாக மோட்டருக்குள் இறங்கும். வயரையும் பிளக் பொயின்றை விடக் கீழே தொங்கி மேலே ஏறுகிற மாதிரி விடுங்கள். வழிகிற தண்ணி கீழேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

சாப்பாடு

சாப்பாடு இல்லாமல் செத்த மீனை விடச் சாப்பாடு கூடிச் செத்த மீன்தான் அதிகம். இரண்டு நிமிசத்தில் தின்று முடிக்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒரு தரம் அல்லது இரண்டு தரம் போதும். மிச்சம் மிதந்தால் எடுத்து விடுங்கள். சோறு, பாண் துண்டு போட வேண்டாம். தண்ணி நாறும். வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் சாப்பாடு இல்லாமலும் இருக்கும். பயப்பட வேண்டாம்.

கரண்ட் போனால்?

2022ஆம் ஆண்டு மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அப்படி நேரத்தில் காற்று மோட்டர் நின்றால், தொட்டித் தண்ணியையே ஒரு கோப்பையில் அள்ளி ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை இப்படிச் செய்தால் காற்று சேரும். கரண்ட் வரும் வரை சாப்பாடு போட வேண்டாம்.

மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு விட்டால் தண்ணி கெட்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே கால்வாசித் தண்ணியை மாற்றுங்கள். நுளம்புச் சுருளும் பூச்சி மருந்து ஸ்பிறேயும் தொட்டி இருக்கிற அறையில் வேண்டாம். காற்று மோட்டர் அந்தப் புகையையும் இழுத்துத் தண்ணிக்குள் விடும்.

மலைக்குக் கொண்டு வருகிறவர்களுக்கு

கொழும்பில் தண்ணி எப்போதும் வெதுவெதுப்பு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். தை மாத இரவுக் குளிர் உங்களுக்குத் தெரியும். ஏஞ்சல், பைட்டர் போன்ற மீன் சூட்டு நாட்டு மீன். நம்ம காம்பராவில் ஹீற்றர் இல்லாமல் நிற்காது. கோல்ட் பிஷ் குளிரைத் தாங்கும். ஆனால் அது பெரிசாக வளரும், கழிவும் கூட. இரண்டு அடித் தொட்டியில் சின்னது இரண்டு போதும்.

வந்து சேர்ந்ததும் மீனைத் தண்ணிக்குள் கொட்டாதீர்கள். பையைக் கட்டினபடி தொட்டியில் இருபது நிமிசம் மிதக்க விடுங்கள். பிறகு தொட்டித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள்.

பீலித் தண்ணியில் பெரும்பாலும் குளோரின் இல்லை. அது நமக்கு வசதி. ஆனால் மேலே மலையில் புல்லுக்கு மருந்து அடித்த நாளும், உரம் போட்டு மழை பெய்த நாளும் அந்தத் தண்ணியை எடுக்காதீர்கள்.

ஓடையில் விடாதீர்கள்

தொட்டி வேண்டாம் என்றால் மீனை யாருக்காவது கொடுங்கள். வெள்ளவத்தைக் கால்வாயிலோ நம்ம ஓடையிலோ விடக் கூடாது. டேங்க் கிளீனர் கடையில் விரல் அளவு இருக்கும். வளர்ந்தால் ஒரு அடிக்கு மேலே போகும். இப்படி விட்டுவிட்டுத்தான் அது நம் நாட்டு நீர்நிலைகளில் பரவியிருக்கிறது.

நம் ஓடைகளுக்கென்றே சொந்த மீன்கள் உண்டு. சிங்களத்தில் 'புலத் ஹப்பயா' என்பார்கள், வெற்றிலை மெல்லுகிறவன் என்று அர்த்தம். ஆண் மீன் சிவந்து நிற்கிற அழகைப் பார்த்து வைத்த பேர். இலங்கையைத் தவிர வேறு நாட்டில் இயற்கையாக இல்லாத மீன் இது. சட்டம் இதைப் பாதுகாக்கிறது. பிள்ளைகள் பிடித்துப் போத்தலில் போட்டால், பார்த்துவிட்டுத் திரும்ப விடச் சொல்லுங்கள்.

கடைசியாக

மேலே உள்ளதைச் சுருக்கி ஒரு தாளில் எழுதி அந்த அம்மாவிடம் கொடுத்தேன். மகன் அதை முதலாளியிடம் காட்டியிருக்கிறான். பிடித்த காசு திரும்பி வரவில்லை. ஆனால் தொட்டியை அவன் பொறுப்பிலேயே விட்டிருக்கிறார்கள். புது மீன் நாலு விட்டு ஒரு மாதமாகிறது, நாலும் உயிரோடு இருக்கிறது என்று அம்மா வந்து சொன்னாங்க. சம்பளத்தில் காசு பிடித்தால் பேசாமல் இருக்க வேண்டாம். சம்பளத் துண்டோடு தொழில் காரியாலயத்தில் விசாரிக்கலாம். எழுத உதவி வேண்டுமென்றால் என்னிடம் வாங்க.

கொழும்பில் இருக்கிற உங்கள் பிள்ளைக்கு இந்தப் பக்கத்தைக் கிழித்து அனுப்புங்கள்.

படித்ததைச் சரிபார்க்க:
1. பைப் தண்ணியை எவ்வளவு நேரம் திறந்து வைக்க வேண்டும்?
2. பில்டர் பஞ்சை எந்தத் தண்ணியில் அலச வேண்டும்? ஏன்?
3. கரண்ட் இல்லாத நேரம் தண்ணிக்குக் காற்று எப்படிச் சேர்ப்பது?